டிரைவர் இல்லாத லேப்டாப்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படிக்கிறவன். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் யாராவது இதைப் படித்தால், எங்கெங்கே உளறியிருக்கிறேன் என்று உங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பு மக்களே, நடுவில் டேலியும் ஜிஎஸ்டியும் வருகிறது, பாதியில் ஓடிவிட வேண்டாம் :-)

2025 நவம்பர் 8, சனிக்கிழமை. ராத்திரி பதினொன்றரை மணி. எங்கள் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திரையில் லினக்ஸ் மின்ட் வந்து நிற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்டோஸைக் காணோம். வைஃபையைக் காணோம். மாமாவின் கணக்கு பேக்கப் இருந்த பென் டிரைவை அன்று சாயங்காலம்தான் என் கையாலேயே அழித்திருந்தேன். போனில் அன்றைய 2 ஜிபி டேட்டா தீர்ந்துபோய், பன்னிரண்டு மணி அடித்தால்தான் அடுத்த 2 ஜிபி. தேடிப் பார்க்கக்கூட வழியில்லை. அரை மணி நேரம் வயலில் தவளை கத்துவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நல்லவேளை.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர் கொமரலிங்கம். அரசாங்கப் பலகையில் குமரலிங்கம் என்று இருக்கும். திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் தாலுகா, அமராவதி ஆற்றங்கரை. திருப்பூர் என்றதும் பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும் நினைப்பீர்கள். எங்கள் பக்கம் நெல்லும் கரும்பும் தென்னந்தோப்பும். ஆனாலும் பனியன் எங்களை விட்டுவைக்கவில்லை. காலையில் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். குழந்தை குட்டியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகமுடியாதவர்களுக்காக ஊருக்குள்ளேயே சிலர் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறார்கள். எங்கள் மாமா அப்படித்தான். ஒரு பழைய ஷெட்டில் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்துப் பத்து மெஷின். திருப்பூரிலிருந்து கட்டிங் பீஸ் வரும், தைத்து, செக்கிங் முடித்து, டெலிவரி சலான் போட்டு அனுப்ப வேண்டும். அம்மாவும் அங்கேதான் செக்கிங்கில் இருக்கிறார்.

நான் அந்த யூனிட்டின் "அக்கவுண்டன்ட்". மாசம் இரண்டாயிரம் ரூபாய், டீ தனி. பில் போடுவது, டேலியில் ஏற்றுவது, மாசா மாசம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போடுவது. தேதி தவறினால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ. அது பெரிய விஷயமில்லை. நாம் 11-க்குள் போட்டால்தான் 14-ம் தேதி கம்பெனிக்காரர் பார்க்கும் 2பி அறிக்கையில் நம் பில் தெரியும். தெரியவில்லை என்றால் அவருக்கு அந்த மாசம் வரி வரவு கிடைக்காது. கிடைக்காவிட்டால் நம் பில்லை நிறுத்திவைப்பார். பில் நின்றால் சனிக்கிழமை சம்பளம் நிற்கும். பன்னிரண்டு பேர் சம்பளம், அம்மாவுடையதும் சேர்த்து. இன்புட் டாக்ஸ் கிரெடிட் என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதுகிறோமே, அதற்கு இப்படி ஒரு சங்கிலி இருப்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்த வேலை எல்லாம் நடப்பது ஒரு அரசாங்க லேப்டாப்பில். அக்கா பிளஸ் டூ முடித்த 2019-ல் வாங்கியது, மூடியில் கோபுர முத்திரையோடு. (என் முறை வருவதற்குள் திட்டம் நின்றிருந்தது.) 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கி ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்த அதே லேப்டாப் வரிசையில் ஒன்று. இதில் பலருக்கு ஞாபகம் இல்லாத ஒரு விஷயம் உண்டு. அந்த லேப்டாப்கள் இரண்டு இயங்குதளத்தோடு வந்தவை. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. ஆக, "இரண்டாவது ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று நான் இப்போது ராத்திரி முழித்துப் போட்டது, முதல் நாளிலிருந்தே எங்கள் வீட்டில் இருந்த சமாச்சாரம்.

அக்காவிடம் கேட்டேன். "ஆன் பண்ணினா ரெண்டு பேரு வரும்டா. மேல இருக்கறத அமுக்காதீங்கன்னு சொன்னாங்க" என்றாள். யார் சொன்னது என்று அவளுக்கு நினைவில்லை. இரண்டு வருஷம் கழித்து வைரஸ் என்று ஒரு கடையில் கொடுத்தபோது, மொத்தமாக அழித்து விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் போனது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவே தெரியாது. இருந்ததும் தெரியாது என்பது வேறு விஷயம்.

சரி, இப்போது எதற்கு லினக்ஸ்? 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், புதிய பிராசஸர் வேண்டும் என்கிறது. எங்கள் லேப்டாப்பிடம் இரண்டும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் வரை ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தது உண்மைதான், ஆனால் அதில் சேர்ந்தாலும் 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் வேகமாகிவிடாது. ஆன் பண்ணிவிட்டு டீக்கடை போய்வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவோம் என்று அறிவித்திருந்தார்கள். வரும்போது வரட்டும், 11-ம் தேதி மாசா மாசம் வருகிறதே!

டேலி விண்டோஸில்தான் ஓடும். அதனால் விண்டோஸை எடுக்க முடியாது. ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஒன்றில் மாமாவின் பேங்க் பாஸ்வேர்டையும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டையும் அடிக்க எனக்கு மனசில்லை. ஆகவே திட்டம் இது: டேலி மட்டும் விண்டோஸில், இன்டர்நெட்டே இல்லாமல். நெட் சம்பந்தப்பட்டது எல்லாம் லினக்ஸில். டேலியிலிருந்து ஜேசான் கோப்பை எடுத்து டி டிரைவில் வைத்து, லினக்ஸுக்கு வந்து ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுவது. காகிதத்தில் எழுதியபோது பிரமாதமாகத்தான் இருந்தது.

மின்ட் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி என்றால் இரண்டு நாள். வெள்ளிக்கிழமை பாதி, சனிக்கிழமை மீதி. இறங்கி முடித்ததும் வீட்டில் இருந்த ஒரே பென் டிரைவில் அதை எழுதினேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. டேலி பேக்கப் அதில்தான் இருந்தது. "ஒரிஜினல் லேப்டாப்லயே இருக்கே" என்று ஓகே அமுக்கினேன். அதற்கு அடுத்து நான் செய்தது என்ன தெரியுமா? அந்த ஒரிஜினல் இருந்த அதே டி டிரைவைச் சுருக்கி, லினக்ஸுக்கு 60 ஜிபி இடம் பண்ணினேன். ஆடிட்டிங் பேப்பரில் இன்டர்னல் கன்ட்ரோல் பற்றி நான்கு பக்கம் எழுதியவன் செய்த வேலை இது.

இன்ஸ்டால் என்னவோ இருபது நிமிஷத்தில் முடிந்தது. ரீஸ்டார்ட் ஆனதும் மின்ட், விண்டோஸ் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் என எதிர்பார்த்தேன். கேட்கவேயில்லை. நேராக மின்டுக்குள் போய்விட்டது. இன்னொரு தடவை. அப்போதும் அப்படியே. அதுதான் நான் திண்ணையில் உட்கார்ந்து தவளைச் சத்தம் கேட்ட நேரம்.

பன்னிரண்டு மணிக்கு டேட்டா வந்ததும் கூகுளுக்குப் போகவில்லை, வகுப்பு நண்பன் ஒருவனுக்கு வாட்ஸப் செய்தேன். அவனுக்கு ஊர் மறையூர். உடுமலையிலிருந்து சின்னார் வழியாக மேலே ஏறினால் கேரளத்து இடுக்கி மாவட்டம், அங்கிருந்து வந்து எங்களோடு படிக்கிறான். தமிழ் மீடியத்தில் படித்தவன். வகுப்பில் கணக்கு வராமல் என்னிடம் நோட் வாங்குகிறவன்! ஆனால் பள்ளிக்கூடத்தில் லினக்ஸில் படித்தேன் என்று எப்போதோ சொல்லியிருந்தான். உடனே கூப்பிட்டான்.

"ஆஃப் பண்ணு மாப்ள. ஆன் பண்றப்ப எஃப்12 அமுக்கிட்டே இரு. என்ன வருது?"

விண்டோஸ் பூட் மேனேஜர் என்று ஒரு வரி வந்தது. அமுக்கினேன். விண்டோஸ் வந்தது. டி டிரைவ் இருந்தது. டேலி திறந்தது. அக்டோபர் மாசத்துப் பதினான்கு பில்லும் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

எதுவும் அழிந்திருக்கவில்லை, கேட்கிற பட்டியலில் விண்டோஸின் பெயர் சேராமல் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பட்டியலைப் புதுப்பிக்க ஒரு வரிக் கட்டளை சொன்னான், அடித்ததும் சரியாகிவிட்டது. லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் பார்க்க விட்டது, எழுத விடவில்லை. அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. விண்டோஸ் "ஷட் டவுன்" என்று சொன்னாலும் முழுதாக ஆஃப் ஆவதில்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் பாதித் தூக்கத்தில் இருக்கும், டிஸ்க்கை இன்னும் தன் கையில் பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் அதைப் பார்த்து, எழுதினால் கெட்டுவிடும் என்று ஒதுங்கி நிற்கிறது. விண்டோஸுக்குப் போய் அந்த வசதியை நிறுத்தினேன். தீர்ந்தது.

தீராதது வைஃபை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போனது. டிரைவர் என்றால் என்ன என்று அன்றுதான் உருப்படியாகப் படித்தேன். எனக்குப் புரிந்ததை எங்கள் ஷெட் பாஷையில் சொல்கிறேன். மாமா, "அந்தக் கையைப் போட்டு முடி" என்பார். பேட்லாக்கை அவரால் ஓட்ட முடியாது. எந்த ஊசி, எவ்வளவு டென்ஷன், நூல் எந்த வழியாகப் போகும் என்று அந்த மெஷினின் குணம் தெரிந்த டைலர்தான் ஓட்ட வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் மாமா. வைஃபை சிப் மெஷின். டிரைவர் அந்த டைலர். மெஷின் புத்தம் புதுசாகவே இருக்கட்டும், டைலர் வரவில்லை என்றால் அன்றைக்கு அது வெறும் இரும்பு.

பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கர்னலின் நிரல் வரிகளில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான் என்று படித்தபோது நம்பவே முடியவில்லை. டச்பேட், சவுண்ட், கேமரா எல்லாம் நான் எதுவும் செய்யாமலே வேலை செய்தன. எங்கள் லேப்டாப்பில் இருந்த வைஃபை சிப்புக்கு மட்டும் தயாரிப்பாளர் கொடுக்கும் தனி டிரைவரைத் தேடி வாங்கிப் போட வேண்டியிருந்தது. அதை இறக்க நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு அந்த டிரைவர் வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடச் சொன்னான் நண்பன். வந்துவிட்டது.

கேபிளில் நெட் வந்துவிட்டதே, அப்புறம் வைஃபை எதற்கு என்று கேட்பீர்கள். 2 ஜிபி கதையைத்தான் மேலே சொன்னேனே! மாமா யூனிட்டில் ஃபைபர் லைன் இருக்கிறது. தவிர, அந்த நேரத்தில் எனக்கு ஒரு பிடிவாதமும் வந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

மின்டில் டிரைவர் மேனேஜர் என்று ஒன்று உண்டு. அதில் சிப்பின் பெயர் வந்தது, இன்ஸ்டால் கொடுத்தேன். நடுவில் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னது, ஏதோ வைத்தேன். ரீஸ்டார்ட். நீல நிறத்தில் ஒரு திரை, மோக் மேனேஜ்மென்ட், அது இது என்று இங்கிலீஷில் நான்கு வரி. நீலத் திரை என்றாலே விண்டோஸ் பழக்கத்தில் நமக்கு பயம்தானே. "கன்டின்யூ பூட்" என்பதை அமுக்கித் தப்பித்தேன். வைஃபை வரவில்லை. டெர்மினலில் கையால் ஏற்றிப் பார்த்தால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று ஒரே பாட்டு. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி நீலத் திரை, மறுபடி பயம், மறுபடி கன்டின்யூ. இப்படி மூன்று தடவை. சாயங்காலம் ஆறு மணிக்கு மறையூரானிடம் சொன்னபோது சிரித்தான்.

"அந்த நீல ஸ்கிரீன்தான்டா வேலையே. அதுல என்ரோல் மோக் குடுத்து, நீ வெச்ச பாஸ்வேர்டை அடிக்கணும். பத்து செகண்ட்தான் நிக்கும், விட்டுட்டா போயிரும்."

விஷயம் என்னவென்றால், செக்யூர் பூட் என்பது கம்பெனி கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. முத்திரை உள்ளவர்களை மட்டும்தான் விடுவார். நான் என் லேப்டாப்பிலேயே கட்டிய டிரைவருக்கு வாட்ச்மேனிடம் பெயர் இல்லை. "இவர் நம்ம ஆளுதான்" என்று மெஷினுக்கு முன்னால் நிஜமாகவே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் அந்த நீலத் திரை. மூன்று தடவை வாட்ச்மேன் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், மூன்று தடவையும் நான் ஓடியிருக்கிறேன். பாஸ்வேர்டை எதிலும் எழுதிவைக்காததால் நான்காவது தடவை புதிதாக வைத்து, அடித்து, உள்ளே போனால், வலது மூலையில் எதிர்வீட்டு, பக்கத்து வீட்டு வைஃபை பெயர்களாக வரிசையாக வந்தது. நேரம் ராத்திரி ஒன்பதே முக்கால்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு மட்டம். யூனிட்டில் உட்கார்ந்து டேலியில் பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வந்தார்.

"என்ன கண்ணு, ரிட்டன் போட்டாச்சா?"

"இல்லைங்க மாமா. நேத்து பூரா டிரைவர் பிரச்சனைங்க. இப்ப சரியாயிருச்சுங்க."

"டிரைவரா? வேன் காலைலயே போயிருச்சே?"

விளக்கினேன். பாதியில் திருப்பூரிலிருந்து போன் வந்து எழுந்து போய்விட்டார்.

அப்போதுதான் விண்டோஸ் கடிகாரத்தைப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு அது விடியற்காலை நான்கரை என்றது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துத் திருத்தினேன். லினக்ஸ் போய்த் திரும்பி வந்தால் மறுபடி ஐந்தரை மணி நேரம் பின்னால். ஐந்தரை என்றதும் சுருக்கென்று பிடிபட்டது, கிரீன்விச்சுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம்! லேப்டாப்புக்குள் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைப்பது லினக்ஸின் வழக்கம், உள்ளூர் நேரத்தை எழுதிவைப்பது விண்டோஸின் வழக்கம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் வழக்கப்படி படித்துக்கொண்டிருந்தார். லினக்ஸிடம் உள்ளூர் நேரமே இருக்கட்டும் என்று ஒரு வரி சொன்னதும் சண்டை ஓய்ந்தது. இரண்டு பேர் ஒரே கணக்குப் புத்தகத்தில், ஒருவர் கேஷ் பேசிஸ், ஒருவர் அக்ரூவல் பேசிஸ் என்று எழுதின மாதிரி.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு, லினக்ஸில், ஃபயர்ஃபாக்ஸில், யூனிட் வைஃபையில் ஜிஎஸ்டிஆர்-1 ஏறியது. ஓடிபி மாமா போனுக்குப் போனது, மாமா திருப்பூரிலிருந்து கத்திக் கத்திச் சொன்னார். ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை சம்பளமும் வந்தது. மற்றவர்களுக்கு எப்போதும் போல ஒரு சனிக்கிழமை, எனக்கு மட்டும் கொஞ்சம் ஸ்பெஷல்.

இதற்குள் இன்னொரு கூத்து. யூனிட்டில் சலான் அடிக்கிற பிரிண்டர் ஒன்று இருக்கிறது. அதன் டிரைவர் சிடி தொலைந்துபோய், விண்டோஸைப் புதிதாகப் போட்டதிலிருந்து சும்மா கிடந்தது. வெளியே ஜெராக்ஸ் கடையில்தான் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தோம். லினக்ஸில் கேபிளைச் செருகினேன். "பிரிண்டர் தயார்" என்றது. ஒரு கிளிக் கூட இல்லை. வைஃபைக்கு ஒரு நாள் முழுக்க அழவைத்த அதே சிஸ்டம்! என்னத்தைச் சொல்ல.

பிரிண்டர் என்றதும் ஒரு பழைய கதை. அமெரிக்காவில் எம்ஐடியின் செயற்கை அறிவுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தபோது, பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகிற மாதிரி அதன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் புதிதாக ஒரு லேசர் பிரிண்டரை அங்கே கொடுத்தது. அதன் மூல நிரல் கூட வரவில்லை, அதனால் அதே திருத்தத்தைச் செய்ய முடியவில்லை. நிரலை வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். வெளியே தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதால் அவர் மறுத்துவிட்டார். அந்த எரிச்சல் அவர் மனசில் தங்கிவிட்டது. 1983 செப்டம்பரில் அவர் அறிவித்ததுதான் குனூ திட்டம். 1991 ஆகஸ்ட்டில் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கர்னலைப் பற்றி அறிவித்தார், பிறகு இரண்டும் சேர்ந்தன. 21 வயது! என் வயசு. நான் நீலத் திரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறேன்.

என் வைஃபைக்கும் அந்தப் பிரிண்டருக்கும் ஒரே வியாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரல் திறந்திருந்தால் யாராவது ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து அதை கர்னலுக்குள் சேர்த்துவிடுகிறார், எனக்கு ஒரு கிளிக் கூட மிச்சம். திறக்காவிட்டால் அந்த வேலை என் தலையில் வந்து விழுகிறது. வேலை எப்படியும் ஒரு ஆள் செய்துதான் ஆக வேண்டும். காமர்ஸ்காரனாக யோசித்தால் டிரைவர் என்பது ஒரு செலவு. விண்டோஸில் அது லேப்டாப் விலைக்குள்ளேயே போய்விடுகிறது, அதனால் நம் கண்ணில் படுவதில்லை. லினக்ஸில் பாதிக்கு முகம் தெரியாத யாரோ நேரம் கொடுத்திருக்கிறார்கள், மீதிக்கு நான் ஒரு சனி ராத்திரி, ஒரு ஞாயிறு, ஒரு நாள் வருகைப்பதிவு கொடுத்தேன். டெபிட் இல்லாமல் கிரெடிட் ஏது? "லினக்ஸ் ஃப்ரீ மச்சி" என்று சொல்கிறவர்கள் எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை.

பாஸ் லினக்ஸுக்கும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் தெரியாது என்று சொல்ல முடியாது. உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006, 2007 வாக்கிலேயே அங்கே கணினிகளை சூசி லினக்ஸுக்கு மாற்றினார்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகளின் கைக்கே பாஸ் போய்ச் சேர்ந்தது. அமுக்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. மறையூரானிடம், "உங்களுக்கு மட்டும் எப்படிடா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன். "எங்களுக்கு அதுல பரீட்சை இருந்துச்சுடா" என்றான். இவ்வளவுதான் பதில்! கேரளத்தில் 2000-களின் நடுவிலேயே அரசுப் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றி, வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப்புத்தகத்தை அதை வைத்தே எழுதி, பத்தாம் வகுப்பு ஐடி பிராக்டிகலையும் அதிலேயே வைத்துவிட்டார்கள். 2024-ல் கூட கைட் நிறுவனம் உபுண்டுவை வைத்துப் பள்ளிகளுக்கென்று ஒரு புதுப் பதிப்பு கொண்டுவந்தது. அவன் ஒன்றும் கம்ப்யூட்டர் புலி இல்லை. மார்க்குக்காகப் படித்தவன்தான், நம்மைப் போல. நமக்கு மெஷின் வந்தது, அவனுக்கு டைலரும் சேர்ந்து வந்தார். அவர்கள் லேப்டாப் கொடுக்கவில்லை, நாங்கள் கொடுத்தோம் என்று நான் பதிலுக்குச் சண்டை போட்டேன். அதுவும் நியாயம்தான். அந்த லேப்டாப் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது, இந்தக் கதையும் கிடையாது.

இதை அடிப்பதும் அந்த மின்டில்தான். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் ஒரு டிக் போதும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் உருவான அமைப்பு என்பது தெரியும், ஆனால் கை இன்னும் பழகவில்லை. ழ-வைத் தேடுவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

2026 ஜனவரியில் ஒரு நாள் அப்டேட் கொடுத்தேன். புது கர்னல் வந்தது, வைஃபை போனது. இந்தத் தடவை வயிறு கலங்கவில்லை. புது கர்னலுக்கு டிரைவரை மறுபடி கட்ட வேண்டும், அதற்குத் தேவையான கோப்புகள் இறங்குவதற்குள் நெட் நின்றிருந்தது. போனைச் செருகி, இறக்கி, கட்டி, பத்து நிமிஷம். 32 ஜிபியில் இன்னொரு பென் டிரைவ் வாங்கி, அதன் மேல் மார்க்கரில் "மாமா - தொடாதே" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் அக்கா பல்லடத்திலிருந்து போன் செய்தாள். நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்து, "டேய், அந்த லேப்டாப்ல என்னென்னமோ பண்றியாமா, அம்மா சொன்னாங்க. டி டிரைவ்ல நான் பெயிண்ட்ல வரைஞ்சது எல்லாம் ஒரு ஃபோல்டர்ல இருக்கும், இருக்கா?" என்று கேட்டாள். பார்த்தேன். கடை, பார்மட், சுருக்கல் எல்லாம் தாண்டி இருபத்திமூன்று படம் இருக்கிறது. பெரும்பாலும் மயில். ஒன்றில் மட்டும் ஒரு வீடு, வீட்டுக்கு முன்னால் மூக்கு ஒழுக ஒரு பையன். கீழே என் பெயர் போட்டிருக்கிறது.